நாயைக் கண்டித்தோமா, நாளை சந்திப்போமா? சங்கேதப் புதிர் உடைக்கப் புதிதாக வருபவர்களுக்கு

யாகை லாளை ரூட்ஞாறிள் ணய்மிர்ரோல்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு யார் புதிதாக வந்தாலும் முதலில் இந்தச் சீட்டைத்தான் நீட்டுவோம். நல்ல தமிழ் வாக்கியம் ஒன்றின் மெய்யெழுத்துகளை மாற்றி எழுதியது இது. கணக்கு தெரிய வேண்டாம், கணினி வேண்டாம். பென்சில், அழிரப்பர், கட்டம் போட்ட நோட்டு, கூட ஒரு டீ. அரை மணி நேரத்தில் யாராவது உடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒருவராவது "நாயைக் கண்டித்தோம், அதுதானே?" என்று கேட்பார். அந்தத் தப்பு மிக அழகான தப்பு. அதை எப்படிச் செய்கிறோம், எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று தெரிந்தால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி கற்றுக்கொண்ட மாதிரி. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் எங்கள் வழக்குச் சொற்கள்

நாங்கள் பேசும் வார்த்தைகள் சில. மாற்றுவதற்கு முன் இருந்தது மூலச் செய்தி. மாற்றிய பின் கையில் கிடைப்பது மறைச்செய்தி. மாற்றும் முறைக்குச் சைபர் என்று பெயர். அந்த முறையை எப்படித் திருகி வைத்திருக்கிறார்கள் என்பது சாவி. சங்கேதச் சொல் வேறு, சைபர் வேறு. நம் இலக்கணத்தில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள்: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள். அங்கே ஒரு முழுச் சொல்லுக்கு இன்னொரு சொல் வந்து உட்காருகிறது. பட்டியல் கைக்குக் கிடைக்காதவரை அதை உடைப்பது பெரும்பாடு. சைபரில் மாறுவது எழுத்து. எழுத்துக்கு ஒழுங்கு உண்டு, அதனால் பிடி கிடைக்கும். சின்ன வயதில் "கநீ கவா" என்று பேசிய க பாஷையும் எழுத்து மட்டத்து விளையாட்டுதான். அதனால்தான் பாட்டிக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது.

முதல் படி: நகர்த்தல் சைபரை உடைப்பது

மேலே உள்ள சீட்டில் உயிரெழுத்தையும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தொடவில்லை. பதினெட்டு மெய்கள் மட்டும் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்ற வரிசையில் ஏதோ சில இடங்கள் தள்ளிப் போயிருக்கின்றன. வரிசை முடிந்தால் திரும்பவும் க. எத்தனை இடம் என்பதுதான் சாவி.

சோம்பேறி வழி ஒன்று உண்டு. இரண்டு காகிதத் துண்டுகளில் பதினெட்டு மெய்களையும் எழுதுங்கள், ஒன்றில் மட்டும் இரண்டு தடவை அடுத்தடுத்து. ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தி 17 இடங்களையும் பார்த்துவிடலாம். தவறே இல்லை. ஆனால் இப்படி உடைத்தால் அடுத்த புதிருக்கு எதுவும் கையில் மிஞ்சாது. கண்ணால் பார்த்து உடைப்போம்.

கடைசிச் சொல்லைப் பாருங்கள். ணகரத்தில் தொடங்குகிறது. தமிழ்ச் சொல் எதுவும் ணகரத்தில் தொடங்காது. அடுத்து "ர்ரோ" என்று ரகரம் இரட்டித்திருக்கிறது. ரகரமும் ழகரமும் தமிழில் தம்மோடு தாம் இரட்டிப்பதில்லை. இதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே சொல்லிவிட்டார். ஆக, இங்கே ர என்பது வேறு எதற்கோ வேஷம் போட்டிருக்கிறது.

இப்போது மூன்றாம் சொல்லில் "ட்ஞா", நான்காம் சொல்லில் "ய்மி". வரிசையில் ஞ நான்காவது, ட ஐந்தாவது. ம பத்தாவது, ய பதினொன்றாவது. இரண்டு ஜோடியிலும் வரிசையில் பின்னால் நிற்கும் மெய் புள்ளியோடு முதலில் வருகிறது, முன்னால் நிற்பது அதை ஒட்டி வருகிறது. தமிழில் எங்கே இப்படி வரும்? ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மெல்லினமும் அதன் இன வல்லினமும்! க-வுக்குப் பக்கத்தில் ங, ச-வுக்குப் பக்கத்தில் ஞ என்று நெடுங்கணக்கை அடுக்கியவர்கள் நமக்காகவே அடுக்கி வைத்தது போல இருக்கும்.

இரண்டு ஜோடியுமே இன எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் பொருந்தும் நகர்த்தல் மூன்றுதான்: ஒன்று, மூன்று, ஐந்து. சந்தேகம் இருந்தால் காகிதத் துண்டில் சரிபாருங்கள். ஒன்று என்றால் கடைசிச் சொல் டகரத்தில் தொடங்கும், அது ஆகாது. மிச்சம் மூன்றும் ஐந்தும்.

ஐந்தை எடுத்துப் பார்ப்போம். லாளை என்பது "நாயை" ஆகிறது. கடைசிச் சொல் "கண்டித்தோந்". அட, கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. எழுதியவர் கை தவறி ம் போட வேண்டிய இடத்தில் ந் போட்டிருப்பார், "நாயை ... கண்டித்தோம்" என்று மனசு தானே ஒட்டுப் போட்டுக்கொள்ளும். புதியவர் குதிப்பது இங்கேதான்.

சரி, மற்ற இரண்டு சொல்? "ணாவை", "தூன்றாரிய்". ஒன்றும் தேறவில்லை. முதல் சொல்லே ணகரத்தில் தொடங்கிவிட்டது. ஐந்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

மூன்று: நாளை மாலை பூங்காவில் சந்திப்போம். ஒட்டுப் போடாமல், ஒரு எழுத்தைக்கூட மன்னிக்காமல் நான்கு சொல்லும் வந்து நிற்கிறது. மூன்று இடம் தள்ளி எழுதும் வழக்கம் ஜூலியஸ் சீசருக்கு இருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் சுவெடோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். சீட்டை எழுதியவர் அதே எண்ணைத் தேர்ந்ததில் கற்பனை வளம் ஒன்றும் இல்லை.

நாயைச் சும்மா விடாதீர்கள்

இந்த நாயைக் கண்டித்த கதை எங்கள் கூட்டத்தில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது பாதி விடைக்கு ஒட்டுப் போட ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் "நாய் குரைக்குதே" என்பார். அவ்வளவுதான், பென்சில் கீழே வரும்.

இது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். அமெரிக்காவில் லாங்லியில் சிஐஏ தலைமையகத்து வளாகத்தில் கிரிப்டாஸ் என்றொரு செப்புச் சிற்பம் இருக்கிறது. ஜிம் சான்பார்ன் என்ற சிற்பி செய்தது, 1990இல் திறந்தார்கள். அதில் நான்கு சைபர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் மூன்றையும் தொண்ணூறுகளில் தனித்தனியாகப் பலர் உடைத்தார்கள். இரண்டாம் பகுதியின் கடைசி வார்த்தைகள் "ஐடி பை ரோஸ்" என்று வந்தன. "வரிசை வாரியாக அடையாளம்" என்று என்னவோ ஒரு பொருள் சொல்லிக்கொள்ளலாம், அடுத்த பகுதிக்குக் குறிப்பு போலவும் தோன்றும். பல வருஷம் எல்லோரும் அதையே நம்பினார்கள். 2006இல் சிற்பியே சொன்னார்: அழகுக்காக ஓர் எழுத்தை விட்டுவிட்டேன், அங்கே வர வேண்டியது "லேயர் டூ", அதாவது இரண்டாம் அடுக்கு. ஓர் எழுத்து விடுபட்டதில் தற்செயலாக அர்த்தமுள்ள மாதிரி ஒன்று வந்து எல்லோரையும் ஏமாற்றிவிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் இரண்டு. விடை என்று ஒன்றை அறிவிக்கும் முன், அதே சாவியை மறைச்செய்தியின் ஒவ்வோர் எழுத்துக்கும் போட்டுப் பாருங்கள். அப்புறம், விடையைக் கண்டுபிடித்தவரிடம் சரிபார்க்கச் சொல்லாதீர்கள். வேறொருவரிடம் சாவியை மட்டும் கொடுங்கள், அவர் முதலிலிருந்து பிரித்து எடுக்கட்டும். கண்டுபிடித்தவர் கண்ணுக்கு நாய் தெரியவே தெரியாது.

இரண்டாம் படி: கலைத்துப் போட்ட மெய்கள்

நகர்த்தலுக்குப் பதிலாகப் பதினெட்டு மெய்களையும் இஷ்டத்துக்குக் கலைத்தால்? மொத்தம் சுமார் 6,400 லட்சம் கோடி வரிசைகள் வரும். துண்டுக் காகிதம் உதவாது. ஆனால் யாரும் அத்தனையையும் முயல்வதில்லை. மொழி நமக்கு வேலை செய்யும்.

கலைப்பதற்கு நாங்கள் வழக்கமாக ஒரு சாவிச் சொல்லை வைத்துக்கொள்வோம், நினைவில் நிற்பதற்காக. "குறிஞ்சி மலர்" என்று வைத்தால் அதன் மெய்களை முதலில் எழுத வேண்டும்: க ற ஞ ச ம ல ர. வராமல் மிஞ்சியவற்றைப் பழைய வரிசையில் பின்னால்: ங ட ண த ந ப ய வ ழ ள ன. இதை வழக்கமான வரிசைக்குக் கீழே எழுதினால் மாற்று அட்டவணை தயார். க, ன இரண்டும் தங்கள் இடத்திலேயே நின்றுவிட்டன, பரவாயில்லை. இந்த அட்டவணைப்படி வீடுகள், மரங்கள், பூக்கள் என்பவை யீமுகழ், ணநற்கழ், டூக்கழ் ஆகும். அட்டவணை தெரியாத உங்கள் கையில் இந்த மூன்றும் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? மூன்றின் வாலும் ஒன்று. அது "கள்" ஆக இருக்கலாம் என்று ஊகித்தால் க, ள் இரண்டும் கையில். டூக்கழ் என்பதில் வாலுக்கு முன் அதே மெய் இரட்டிக்கிறது, ககரம் இரட்டிக்கும், சரி. ணநற்கழ் என்பதில் க-வுக்கு முன் வேறொரு மெய் புள்ளியோடு நிற்கிறது, அது ங் ஆகலாம். மூன்று சொல், மூன்று எழுத்து.

நீண்ட செய்தியில் ஆயுதங்கள் இன்னும் நிறைய. நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பவை:

ட ண ர ல ழ ள ற ன சொல்லுக்கு முதலில் வராது. டீ, ரயில், லாரி எல்லாம் விதிவிலக்கு, ஆகவே புதிர் போடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

க் ச் ட் த் ப் ற் சொல்லின் கடைசியில் நிற்காது. நின்றால் அது சந்தி. அப்போது அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்கும். ஒரு சொல்லின் கடைசிப் புள்ளியும் அடுத்த சொல்லின் முதல் மெய்யும் ஒன்றாக அடிக்கடி வந்தால், அது க ச த ப நான்கில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு. புதிர் எழுதுகிறவர் ஒற்றுப் பிழை விடாதவராக இருந்தால் உடைப்பவருக்குக் கொண்டாட்டம்.

இரண்டு புள்ளி எழுத்து அடுத்தடுத்து வந்தால் (வாழ்க்கை, பார்த்தான், வாய்ப்பு) முதலாவது ய ர ழ மூன்றில் ஒன்று. இதைத்தான் ஈரொற்று மயக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எதற்கு என்று அப்போது சொல்லவில்லை.

ங் வந்தால் அடுத்தது பெரும்பாலும் க.

பிறகுதான் எண்ணிக்கை. எந்த மெய் எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒப்பிட, ஏதாவது செய்தித்தாள் பத்தி ஒன்றை எடுத்து நீங்களே ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் பல வருஷம் உதவும். ஆங்கிலச் சைபர் என்றால் ஈ (E) என்ற எழுத்து நூற்றுக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் வரும், அடுத்தது டீ (T). இந்த எண்ணும் வித்தையை எழுதி வைத்தவர்களில் நமக்குக் கிடைத்த பழைய பெயர் அல்-கிந்தி. ஒன்பதாம் நூற்றாண்டு, பாக்தாத். அரபு அறிஞர்கள் தங்கள் மொழியின் எழுத்தையும் சொல்லையும் துருவித் துருவி ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. இலக்கணம் பார்த்த கண்ணிலிருந்துதான் இந்த வித்தையும் பிறந்தது என்பது என் எண்ணம். தமிழில் இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர் உங்கள் குழுவில் ஒருவர் இருந்தால், அவர் கணினி தெரிந்தவரைவிடப் பயன்படுவார். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் எண்ணி முடிப்பதற்குள் அவர் படித்தே விடுவார்.

ஆங்கிலப் புதிர்களுக்குப் போனால் இரண்டு பெயர்கள் அடிபடும். சொல் இடைவெளியை விட்டுவைத்த மாற்று சைபருக்கு அரிஸ்டோகிராட், இடைவெளியையும் விழுங்கிவிட்டதற்கு பேட்ரிஸ்டோகிராட். 1930இல் தொடங்கிய அமெரிக்கன் கிரிப்டோகிராம் அசோசியேஷன் என்ற பொழுதுபோக்காளர் சங்கத்தின் வழக்கு இது. அங்கே உறுப்பினர்கள் தங்கள் சொந்தப் பெயரில் இல்லாமல் புனைபெயரில்தான் உலவுவார்கள். முதலில் குறைந்தது இருபது அரிஸ்டோகிராட் உடைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

மூன்றாம் படி: கூட்டமாக உட்காருவது

தனியாக உடைக்கலாம். ஆனால் தனியாக உடைப்பவருக்கு நாய் குரைப்பதைச் சொல்ல ஆள் இருக்காது. பெரிய சைபர்கள் விழுந்த கதைகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்திருப்பார்கள், அதுவும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை.

1969 ஜூலை கடைசியில் கலிஃபோர்னியாவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 408 குறிகள் கொண்ட சைபரை மூன்றாகப் பிரித்து மூன்று செய்தித்தாள்களுக்கு அனுப்பினான். சலினாஸ் நகரப் பள்ளி ஆசிரியர் டொனால்ட் ஹார்டனும் அவர் மனைவி பெட்டி ஹார்டனும் சமையலறை மேசையில் நடக்கும் வேலை போல அதை எடுத்துக்கொண்டு சுமார் ஒரு வாரத்தில் உடைத்தார்கள். டொனால்டுக்குச் சைபரில் ஏற்கெனவே ஈடுபாடு இருந்தது. பெட்டி பார்த்தது ஆளை. இவன் தற்பெருமைக்காரன், "நான்" என்றுதான் தொடங்குவான், "கில்" (கொல்) என்ற சொல் நிச்சயம் இருக்கும் என்று ஊகித்தார். அந்த ஆங்கிலச் சொல்லில் எல் இரட்டித்து வரும். அந்த இரட்டையைத் தேடிப் போனதில் கதவு திறந்தது.

அதே ஆள் அந்த நவம்பரில் அனுப்பிய 340 குறிச் சைபர் 51 வருஷம் மசியவில்லை. 2020 டிசம்பரில் மூன்று பேர் உடைத்தார்கள்: அமெரிக்காவில் மென்பொருள் எழுதும் டேவிட் ஓரான்சாக், ஆஸ்திரேலியக் கணிதக்காரர் சாம் பிளேக், பெல்ஜியத்தில் கிடங்கு ஊழியரான யார்ல் வான் ஐக்கே. உடைக்கும் மென்பொருளை எழுதி வைத்திருந்தவர் அந்தக் கிடங்கு ஊழியர்தான். பிளேக் அந்த 340 குறிகளை எந்த எந்தத் திசையில் படிக்கலாம் என்று லட்சக்கணக்கான வழிகளை உண்டாக்கிக் கொடுத்தார். ஒரு கீழ், இரண்டு வலம் என்று சாய்வாகப் போகும் ஒரு வழியில் ஆங்கிலத் துண்டுகள் எட்டிப் பார்த்தன. அதிலும் எழுதியவன் நடுவில் ஒரு தப்பு செய்திருந்தான். அதைக் கண்டு நேர் செய்த பிறகுதான் மிச்சமும் வந்தது. எஃப்பிஐ சரிதான் என்று உறுதி செய்தது. அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் "நான் உடைத்துவிட்டேன்" என்று வந்த விடைகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாம் நாயைக் கண்டித்த விடைகள்.

எனக்கு இன்னும் பிடித்த மூவர் வேறு. கணினி அறிஞர் ஜார்ஜ் லாஸ்ரி, பெர்லினில் பியானோ கலைஞர் நோர்பர்ட் பியர்மன், ஜப்பானில் இயற்பியல் படித்து காப்புரிமைத் துறையில் இருக்கும் சதோஷி தொமோகியோ. பிரான்சின் தேசிய நூலகத்தில் இத்தாலி சம்பந்தப்பட்டவை என்று அட்டவணையிட்டிருந்த தாள்களில் பெயர் தெரியாத சைபர் கடிதங்களைப் பார்த்தார்கள். இத்தாலியம் என்று நினைத்து முயன்றபோது ஒன்றும் வரவில்லை. பிரெஞ்சு என்று மாற்றியதும் வந்தது. எழுதியவர் பெண், சிறையில் இருப்பவர், மகன் உண்டு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து, கடைசியில் வால்சிங்கம் என்ற பெயரும் வெளிவந்தது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் மகாராணியின் உளவுத் தலைவர் அவர். ஆக, எழுதியவர் எலிசபெத்தின் காவலில் இருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி. மொத்தம் 57 கடிதங்கள், 1578 முதல் 1584 வரை. 2023 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அட்டவணையில் போட்டிருந்த ஒரு சொல்லை நம்பி மொழியையே தப்பாக எடுத்தது எல்லோருக்கும் நடக்கக்கூடியது.

சரி, உங்கள் வீட்டு வராந்தாவுக்கு வருவோம். நான்கு பேர் போதும், ஆறுக்கு மேல் போனால் அரட்டைதான் மிஞ்சும்.

மறைச்செய்தியை நோட்டில் எடுத்தெழுதும் வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யட்டும், பிறகு ஒப்பிடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை கையெழுத்துச் சீட்டு ஒன்றில் ள என்பதை ன என்று எடுத்தெழுதிவிட்டேன். மூன்று ஞாயிறு போயிற்று. பழி முழுக்க என்னுடையது, டீச் செலவும்.

ஒருவர் எண்ணட்டும், ஒருவர் ஊகிக்கட்டும். ஒருவரை மறுப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலை, வரும் ஒவ்வோர் ஊகத்துக்கும் "அப்படியென்றால் இந்தச் சொல் என்ன ஆகும்?" என்று கேட்பது மட்டும். இந்த வேலையை வாராவாரம் மாற்றிவிடுங்கள், ஒருவரே செய்தால் நட்பு கெடும்.

தோற்ற முயற்சிகளைத் தேதியோடு எழுதி வையுங்கள். "ஐந்து இடம் நகர்த்தல், முதல் சொல் ணாவை, ஆகாது" என்று ஒரு வரி போதும். எழுதாவிட்டால் அடுத்த மாதம் வேறொருவர் அதே ஐந்தை உற்சாகமாக முயல்வார்.

விடை தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் குறிப்பு மட்டும், அதுவும் படிப்படியாக: முதலில் "கடைசிச் சொல்லைப் பார்", அப்புறமும் முடியாவிட்டால் "இரட்டிப்பைப் பார்". விடையை உளறுபவருக்கு எங்கள் கூட்டத்தில் தண்டனை, அடுத்த வாரத்துக்குப் புதிர் தயாரித்து வருவது. புதிர் தயாரிப்பது உடைப்பதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்துகொள்வார்.

அதற்கு மேலே

சாவிச் சொல்லால் ஒவ்வோர் எழுத்தையும் வெவ்வேறு தூரம் நகர்த்துவது அடுத்த கட்டம். விழினேர் சைபர் என்று பிரெஞ்சுக்காரர் பெயரில் வழங்குகிறது, ஆனால் 1553இலேயே பெல்லாசோ என்ற இத்தாலியர் எழுதிவிட்டார். "கடல்" என்ற சாவியில் க ஒன்று, ட ஐந்து, ல பதின்மூன்று. "மாமா" என்பதில் முதல் எழுத்து ஓரிடம் நகரும், இரண்டாவது ஐந்து இடம். கிடைப்பது "யாழா". ஒரே எழுத்து இரண்டு விதமாகிவிட்டது, எண்ணிக்கை உதவாது. கிரிப்டாஸின் முதல் இரண்டு பகுதிகளும் இந்த வகைதான், குறிஞ்சி மலர் போல அங்கே சிற்பத்தின் பெயரையே வைத்து வரிசையையும் கலைத்திருந்தார்கள்.

இதற்கு வழி சொன்னவர் காசிஸ்கி என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, 1863இல். நீண்ட மறைச்செய்தியில் ஒரே துண்டு திரும்ப வரும் இடங்களைத் தேடுங்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரங்கள் 12, 18, 30 என்று வந்தால் சாவிச் சொல்லின் நீளம் ஆறு, அல்லது மூன்று, இரண்டு. நீளம் தெரிந்துவிட்டால் ஆறு எழுத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொரு குவியலும் வெறும் நகர்த்தல் சைபர், அதை உடைக்கத்தான் தெரியுமே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கச் சைபர் நிபுணர் இதற்கே ஒரு சுருக்கு வழி கண்டார்: ஆங்கிலத்தில் கண்ணை மூடி இரண்டு எழுத்தை எடுத்தால் அவை ஒன்றாக இருக்க நூற்றுக்கு 6.7 வாய்ப்பு, எல்லா எழுத்தும் சமமாக வந்தால் 3.8தான். மறைச்செய்தியில் இந்த எண் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால், ஒரே அட்டவணையால் மாற்றியதா, பல அட்டவணைகளால் மாற்றியதா என்று தெரிந்துவிடும்.

எழுத்தை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. "நாளை மாலை சந்திப்போம்" என்பதை ஐந்து ஐந்தாக இரண்டு வரியில் எழுதி, மேலிருந்து கீழாகப் படித்தால் "நாந்ளைதிமாப்லைபோசம்". எண்ணிப் பார்த்தால் சாதாரணத் தமிழின் எண்ணிக்கை இருக்கும், ஆனால் "ந்ளை" போன்ற மயக்கங்கள், அதாவது மெய்ச் சேர்க்கைகள், தமிழில் கிடையாது. எண்ணிக்கை சரி, மயக்கம் தப்பு என்றால் இடமாற்று சைபர். கட்டங்களின் அகலத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். மாற்றும் இடமாற்றும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 340 குறிகளே சாட்சி.

கருவிகள், கொஞ்சம் எச்சரிக்கை

பிரிட்டனின் உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ வெளியிட்ட சைபர்செஃப், ஜெர்மனியில் தொடங்கிய கிரிப்டூல் இரண்டும் இலவச மென்பொருள்கள். ஆங்கிலச் சைபருக்கு அருமை. தமிழுக்குக் காலை வாரும். கணினிக்கு "தி" என்பது ஓர் எழுத்து இல்லை, தகரமும் இகரக் குறியும் என இரண்டு. தவிர, யூனிகோடில் மெய்களின் வரிசை நம் நெடுங்கணக்கு இல்லை. அங்கே ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற வரும், வ கடைசி. ஆகவே எந்த வரிசை என்பதைக் குழுவில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இன்றும் எக்செல் கட்டங்களில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துத்தான் செய்கிறேன்.

வாட்சாப் செய்தியை உடைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு வருபவர்களுக்கு: முடியாது, அது வேறு உலகம். முடிந்தாலும் அடுத்தவர் செய்தி நம் புதிர் இல்லை. சோடியாக் போன்ற உண்மைக் குற்றங்களைத் தொடும்போது, சைபரோடு நில்லுங்கள். அரைகுறை விடையை வைத்து இன்னார்தான் கொலைகாரன் என்று பெயர் சொல்லிக் கிளம்பியவர்கள் ஏராளம். அந்தப் பெயர்களுக்குக் குடும்பம் உண்டு, இறந்தவர்களுக்கும் உண்டு.

பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் நடத்தும் நேஷனல் சைபர் சேலஞ்ச் ஆங்கிலத்தில் நல்ல ஏணி. எளிதில் தொடங்கி வாராவாரம் ஏறும். பெரியவர்களுக்கு மிஸ்டரி ட்விஸ்டர் என்ற தளத்தில் எளிது முதல் யாரும் இன்னும் உடைக்காதது வரை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். யாரும் உடைக்காதவற்றுக்கு நேரே போய்விடாதீர்கள். எல்கர் என்ற இசையமைப்பாளர் 1897இல் ஒரு இளம்பெண்ணுக்கு எழுதிய 87 குறிச் சீட்டு இன்னும் உடையாமல்தான் கிடக்கிறது. அவ்வளவு சிறிய சைபருக்குப் பத்து விதமாக விடை சொல்லலாம், எது நாய் என்று பிரிக்க எழுத்து போதாது.

தமிழில் புதிர் கிடைக்காது, நீங்களேதான் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் புதிர் என் கணக்கில். நகர்த்தல் சைபர், அதே பதினெட்டு மெய் வரிசை, உயிர் தொடப்படவில்லை. இரண்டு சொற்கள் முடியக் கூடாத எழுத்தில் முடிகின்றன, சின்னச் சொல்லில் தொடங்குங்கள்.

யானிண்ணுந்நிஞறை வேழீக் எத் மெஙசு.